வீட்டுத் தோட்டம்: அசதியிலும் ஓர் ஆனந்தம்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பிள்ளைகளுக்கும் புரியணும், பெற்றோருக்கும் பயன்படணும், அப்படி ஏதாவது 20 நிமிடம் பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் சொன்னார். படிப்பின் பெருமையைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் சிறப்பாகப் பேசிவிட்டார்கள். ஆகவே நான் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்தத் தோட்டத்து மக்கள்தாம். அந்த நன்றியோடு பேசுகிறேன்.

குளிர் நாடுகளில் வசந்த காலம் என்று ஒன்று உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி உருகி, மண் இளகும். அங்குள்ள மக்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். நமக்குப் பனி ஏது, வசந்தம் ஏது என்று கேட்பீர்கள். ஆனால், ரப்பர் காட்டில் பால் வெட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு வசந்தம் தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிடும். காலை வைத்தால் சருகு சலசலக்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விட்டு, காடு முழுவதும் புதுச்சட்டை போட்டதுபோல் நிற்கும். அதற்குப் பின்னாலேயே சித்திரை மழை வரும்.

இப்போது நம்மைச் சுற்றி ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. செம்பனை அப்படி ஒரே சமயத்தில் இலை உதிர்ப்பதில்லை. அதனால் நம் பிள்ளைகள் அந்த வசந்தத்தைப் பார்த்ததில்லை. என்றாலும் மழை மாறவில்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. இடையில் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைவு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழி நம் முன்னோர்களோடு கப்பலேறி வந்தது. அது அவர்கள் ஊர் மழைக்குச் சரி. இங்கே நம் பட்டம் இரண்டு: ஒன்று சித்திரை, மற்றொன்று ஐப்பசி. மழை தொடங்குவதற்கு முன்பே மண்ணைக் கொத்தி வைத்தவன் கெட்டிக்காரன்.

அன்பார்ந்த பெற்றோர்களே, நடுவதற்கு நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்னும் வெள்ளைக்காரர், ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பைத்தியக்காரப் பட்டமே வாங்கினார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஆனால், காட்டை வெட்டி, குழி தோண்டி, கன்றை இறக்கி, லட்சக்கணக்கான ஏக்கரை ரப்பர்க் காடாக்கிய கைகளில் பெரும்பகுதி யாருடையவை? உங்கள் பாட்டன், பூட்டிகளுடையவை. அவர்கள் பெயர் எந்த மரத்திலும் எழுதப்படவில்லை.

பிறருக்காக இத்தனை நட்ட அந்தக் கைகள், நெருக்கடி வந்த போதெல்லாம் தமக்காகவும் நட்டன. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசி கிடைக்காத காலத்தில், மரவள்ளிக் கிழங்குதான் எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது. 1974ஆம் ஆண்டு துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பச்சைப் புத்தகத் திட்டம் வந்தது. சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடுங்கள், கோழி வளருங்கள் என்று நாடெங்கும் சொல்லப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, நினைவிருக்கிறதா? கடைக்குப் போக ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் என்ற நிலை. அந்த நாளில் கொல்லையில் முருங்கையும் கீரையும் வைத்திருந்த வீட்டில் குழம்பு கொதித்தது. இல்லாத வீட்டார் வேலியருகே வந்து, "அக்கா, ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை குடுங்களேன்" என்று கேட்டார்கள்.

கஷ்டம் வந்தால் மண்ணை நினைக்கிறோம். கஷ்டம் போனால் மறந்து விடுகிறோம். இதுதான் என் மனக்குறை.

வீடுகளுக்கு வந்து பேசும்போது பெற்றோர் எனக்கு மூன்று பதில் சொல்வதுண்டு. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பதில்: "ஏன் வாத்தியாரையா, இது நம்ம நெலமா? வீடு தோட்டத்து வீடு, மண்ணு தோட்டத்து மண்ணு. வயசாச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போகணும். நாளைக்குத் தோட்டத்தையே வித்துட்டா எங்கயாவது பிளாட்டு வீடு. எதுக்கு நட்டு வளக்கணும்?"

இதைத் தள்ளிவிட முடியாது. புத்ராஜெயா நகரம் இன்று மின்னுகிற இடத்தில் பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. 1990களில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். இன்னும் எத்தனையோ தோட்டங்கள் பெயர்ப்பலகையாகக்கூட மிஞ்சவில்லை. நாம் நிற்கும் மண் நமக்குச் சொந்தமில்லை என்பது உண்மையே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. 16இல் ஒரு பங்குக்கு நம் தமிழில் வீசம் என்று பெயர். வீசம் ஏக்கர் என்றால் சுமார் 2,700 சதுர அடி. கொல்லையில் நாலு செடி வைப்பது யாரோ போட்ட பிச்சை என்று நம் பெரியவர்கள் நினைக்கவில்லை. அந்த மண்ணில் மாடு கட்டினார்கள், அவரைப் பந்தல் போட்டார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். மண் கைமாறும். மண்ணில் கற்ற வித்தை கைமாறாது. வீட்டைக் காலி செய்யும்போது முருங்கைக் கிளையில் ஒரு முழம் வெட்டி எடுத்துப் போகலாம். கறிவேப்பிலையின் வேரோரக் கன்றைப் பெயர்த்து ஒரு டின்னில் வைத்துக்கொள்ளலாம். வெண்டி விதையை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் எங்கெங்கு குடியேறினார்களோ அங்கெல்லாம் கறிவேப்பிலையும் கூடவே குடியேறியிருக்கிறது. அடுக்குமாடியில் ஐந்தாம் மாடிக்குப் போனாலும், நான்கைந்து மணி நேரம் வெயில் விழும் இடத்தில் அடியில் ஓட்டை போட்ட சாய வாளி ஒன்று இருந்தால் மிளகாய்ச் செடி காய்க்கும். கற்றவனுக்கு வாளியும் நிலம்தான்.

இரண்டாவது பதில்: "ரெண்டு வெள்ளி குடுத்தா பசார் மாலாமில் கீரைக்கட்டு கிடைக்குது. இதுக்குப் போயி யாரு குனிஞ்சு நிமிர்றது?" கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டுக் கட்டாக வாங்கினால் மாதத்தில் எவ்வளவு ஆகிறது என்று பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அதோடு, கடைக் கீரை எத்தனை நாள் கழித்து நம் சட்டிக்கு வருகிறதோ! கொல்லைக் கீரை பறித்த பத்தாவது நிமிடத்தில் சட்டியில் இருக்கும். அந்தப் பச்சை வாசனைக்கு விலை போட முடியாது.

மூன்றாவது பதில்தான் கனமானது: "உடம்புல தெம்பு இல்லீங்க."

இதைச் சொல்கிறவர்கள் யார்? காலை முழுவதும் நீண்ட கழியைத் தூக்கிச் செம்பனைக் குலை அறுத்தவர். ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். பழம் பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைந்த தாய். மருந்து டின்னைத் தோளில் சுமந்தவர். அவர்களிடம் போய், "வீட்டுக்கு வந்த பின்னும் மண்ணைக் கொத்துங்கள்" என்று சட்டை கசங்காத வாத்தியார் சொன்னால் கோபம்தானே வரும்?

ஆகவே நான் அசதி கிடையாது என்று பொய் சொல்ல மாட்டேன். அசதி உண்டு. நிரம்ப உண்டு. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பத்தடி நீளம், மூன்றடி அகலம், ஒரே ஒரு பாத்தி. இதற்குமேல் முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். முதல் நாள் லாலாங் புல்லைக் களைய வேண்டும். மேலே வெட்டினால் போதாது. அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் வெள்ளை நூல்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு துண்டை விட்டாலும் மறுபடி முளைக்கும். குனிந்து, மண்ணைக் கிளறி, ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அன்று இரவு இடுப்பு பேசும். இரண்டாம் நாள் முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்த வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும். நம் செம்மண் புளிப்புத் தன்மை உள்ளது. ஆகவே கொஞ்சம் விவசாயச் சுண்ணாம்பு தூவி, இரண்டு வாரம் ஆற விட வேண்டும். பிறகு மக்கிய மாட்டெருவோ கோழி எருவோ கலக்க வேண்டும். மக்காத கோழி எருவைப் போட்டால் சூட்டில் செடி கருகிவிடும். பாத்தியை முக்கால் அடி உயர்த்திக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சித்திரை மழையில் விதை நீந்தும்.

இனி விதைப்பு. தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அதை அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். 25, 30 நாளில் பறிக்கலாம். வெண்டி விதையை ஓரிரவு நீரில் ஊற வைத்து நடுங்கள். 50 நாளில் காய் வரும். வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும்; ஒரு வாரம் விட்டால் காய் முற்றி விறகாகிவிடும். கத்தரியையும் மிளகாயையும் தனியே நாற்றுப் போட்டு, நாலைந்து வாரம் ஆனதும் மாலை வெயில் தாழ்ந்த பிறகு பிடுங்கி நடுங்கள். பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் வேண்டும். பாகல் பிஞ்சைப் பழ ஈ குத்தாமல் இருக்க, பழைய நாளிதழைப் பைபோல் சுருட்டி மாட்டுங்கள். முருங்கைக்கு மணிக்கட்டுப் பருமனில் மூன்றடிக் கிளை போதும். ஆனால் நீர் தேங்கும் இடத்தில் வைத்தால் அழுகும்.

தினமும் இரு வேளை தண்ணீர். வாரம் ஒரு முறை களை. நடுவில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கோழி வேலி தாண்டி வந்து, நீங்கள் பத்து நாள் பட்ட பாட்டைப் பத்து நிமிடத்தில் கிளறிவிட்டுப் போகும். அதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்காரரோடு சண்டை வேண்டாம். வேலியை ஒரு சாண் உயர்த்துங்கள்.

இத்தனையும் கேட்டபின், "இதில் ஆனந்தம் எங்கே இருக்கிறது, வாத்தியாரே?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறது.

உடம்பில் வரும் அசதி இரண்டு வகை. ஒன்று கூலி அசதி. அது மதிப்புள்ளது, நம் பிள்ளைகளின் சோறும் புத்தகமும் அதில்தான் வந்தன. ஆனால் நாம் அறுத்த குலை லோரியில் ஏறி ஆலைக்குப் போய்விடும். அது எங்கே எண்ணெயாயிற்று, யார் சட்டியில் ஊற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. நாளை காலையில் அதே காடு, அதே குலை. மற்றொன்று கொல்லை அசதி. இதில் நீங்கள் கொத்திய இடம் உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. காலையில் எழுந்து வாசலுக்குப் போகும் முன் கால் தானாகக் கொல்லைப்பக்கம் போகும். "முளைச்சிருக்கா?" என்று குனிந்து பார்ப்பீர்கள். மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு வெண்டி முளை கூனிக்கொண்டு எழும்பி நிற்கும். அதைப் பார்த்த கணத்தில் இடுப்பு வலி எங்கே போயிற்று என்று தெரியாது. கூலி அசதியில் தூக்கம் மயக்கம்போல வரும். கொல்லை அசதியில் தூக்கம் குழந்தைத் தூக்கம்போல வரும். பட்டவர்களுக்குத் தெரியும்.

வள்ளுவப் பெருந்தகை திருக்குறளில் 104ஆம் அதிகாரத்தை உழவுக்கென்றே ஒதுக்கினார். உழவில் பாடு இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அவர் சொல் இன்றும் நிற்கிறது.

இங்கே நான் ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பல வீடுகளில் வீட்டுத் தோட்டம் என்றால் அது அம்மா வேலை. விடியற்காலையில் சோறு வடித்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து துணி துவைத்து, அதற்குமேல் பாத்திக்கும் அவரே தண்ணீர் ஊற்றுவதா? அம்மா மட்டும் குனிந்தால் அது தோட்டமாகாது. அது இன்னொரு பெரட்டு. நான் சொல்லும் ஆனந்தம் பங்கு போட்டால்தான் வரும். கொத்துவது அப்பா. கல் பொறுக்குவதும் களை எடுப்பதும் பிள்ளைகள். தண்ணீர் ஊற்றுவது முறை வைத்து. பறிப்பது மட்டும் அம்மா கையால் நடக்கட்டும். தாத்தா, பாட்டி இருந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க இல்லடா, இங்க" என்று அதிகாரம் செய்யட்டும். அவர்களுக்கும் அந்த நாளில் பத்து வயது குறையும்.

மாணவமணிகளே, இனி உங்களிடம் வருகிறேன். சென்ற தவணையில் ஒரு வகுப்பில், "நாற்று என்றால் என்ன?" என்று கேட்டேன். ஒரு மாணவன் எழுந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கெட்ட வாடை, சார்!" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் யோசித்தால் அது சிரிப்பதற்குரிய செய்தி இல்லை. பாத்தி, நாற்று, பதியம், பந்தல், கொழுந்து, பிஞ்சு, களை, எரு, முளை, தொளி. இவை யாவும் பாட்டிமார் வாயில் அன்றாடம் புழங்கிய சொற்கள். பொருள் கண் முன்னால் இருந்தால் சொல் உயிரோடு இருக்கும். பொருள் போனால் சொல் அகராதிக்குப் போய்விடும். தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிறோம். நம் கொல்லையில் ஒரு பந்தல் இருந்தால், அதன் கீழே பத்துத் தமிழ்ச் சொற்கள் படர்ந்திருக்கும்.

கணக்கும் அங்கே இருக்கிறது. பத்தடி வரிசையில் ஒன்றரை அடிக்கு ஒரு வெண்டிச் செடி வைத்தால் எத்தனை செடி? பத்தை ஒன்றரையால் வகுத்து, "ஆறு" என்று உடனே கை தூக்குவீர்கள். பாத்தியில் நட்டுப் பாருங்கள். ஓரத்தில் அரையடி விட்டுத் தொடங்கினால் ஏழு செடி வரும். ஏனென்றால் இடைவெளிதான் ஆறு. முதல் செடி இடைவெளிக்கு முன்பே நிற்கிறது. கரும்பலகையில் இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பாத்தியோரம் நின்ற பிள்ளைகளுக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எடுக்கப்பட்ட பிறகு, "பிள்ளை என்ன கற்றிருக்கிறான் என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று பெற்றோர் என்னைக் கேட்கிறார்கள். ஏட்டையும் பாருங்கள், பாத்தியையும் பாருங்கள். 50 நாள் மறக்காமல் தண்ணீர் ஊற்றிய பிள்ளைக்குப் பொறுமையும் பொறுப்பும் இருக்கின்றன. அதற்கு எந்தத் தாளிலும் புள்ளி கிடையாது. ஆனால் வாழ்க்கையில் உண்டு. இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன்: மண் யாரையும் முதல் மாணவன், கடைசி மாணவன் என்று பிரிப்பதில்லை. தண்ணீர் ஊற்றியவனுக்குக் காய்க்கும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். செடி வளர்க்கிறேன் என்று கொசு வளர்க்கக் கூடாது. பூந்தொட்டித் தட்டு, வாளி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் இவற்றில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டிங்கிக் காய்ச்சல் விளையாட்டு இல்லை. 1975ஆம் ஆண்டே இதற்கென்று நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வந்திருக்கிறது, தண்டமும் உண்டு.

அதைவிட முக்கியம்: வேலைக் காட்டில் அடிக்கும் களைக்கொல்லி மருந்தை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டு வராதீர்கள். பாராகுவாட் என்னும் கொடிய மருந்து நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. எங்கேயாவது மூலையில் பழைய மிச்சம் இருந்தால் பிள்ளைகள் கைபடாமல் பார்த்து, நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். எந்த மருந்தின் காலி டின்னாக இருந்தாலும் சரி, அதைக் கழுவிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நினைக்கவே கூடாது. கழுவினாலும் முழுவதும் போகாது. இலையில் பூச்சி என்றால் கையால் எடுத்துப் போடுங்கள்; நமக்கு இருப்பது ஒரே பாத்தி. எலியின் சிறுநீர் கலந்த மண்ணிலும் நீரிலும் நோய் இருக்கும். காலில் காலணி போடுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவுங்கள். புதரைக் கையால் விலக்காமல் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாம்புக்கும் அது வீடு.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பள்ளி அலுவலகத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம். அதில் தண்டுக்கீரை, வெண்டி, பயற்றங்காய், கத்தரி, ஊசி மிளகாய் ஆகிய விதைகள் இருக்கின்றன. இந்தத் தோட்டத்துப் பாட்டிமார்கள் சாம்பலில் புரட்டிக் காய வைத்துக் கொடுத்தவை. விலை கிடையாது, ஆனால் இனாமும் கிடையாது. இது விதைக் கடன். விழா முடிந்து போகும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு தேக்கரண்டி விதை வாங்கிக்கொள்ளுங்கள். யார் என்ன விதை எடுத்தார்கள் என்று நான் ஏட்டில் எழுதிக்கொள்கிறேன். உங்கள் பாத்தியில் நல்ல செடி ஒன்றைப் பறிக்காமல் முற்ற விட்டு, காய வைத்து, அடுத்த பரிசளிப்பு விழாவன்று இரண்டு தேக்கரண்டியாகத் திருப்பித் தர வேண்டும். மழை கெடுத்துவிட்டால், கோழி கிளறிவிட்டால், அதையும் வந்து சொல்லுங்கள். கடன் தள்ளுபடி உண்டு, மறு கடனும் உண்டு.

ஏன் இதைக் கடனாக வைத்தேன் என்றால், இந்த விதைகளைத் தந்த பாட்டிமார்களில் பலருக்கு எண்பது வயதை நெருங்குகிறது. எந்த மாதம் விதைக்க வேண்டும், எந்தக் காயை விதைக்கு விட வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கை விரலில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தோட்டம் இருக்கலாம், போகலாம். நாம் இங்கே இருக்கலாம், வேறு ஊருக்குப் போகலாம். அந்த வித்தை மட்டும் ஒரு தலைமுறை விட்டுப் போனால், பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே, பெற்றோர்களே, வருகிற சித்திரைக்குள் பத்தடிக்கு மூன்றடி, ஒரே ஒரு பாத்தி. கூலிக்குக் குனிந்த முதுகு, ஒரு நாளில் அரை மணி நேரம் நமக்காகவும் குனியட்டும். அசதி வரும், நான் பொறுப்பு. ஆனந்தமும் வரும், அதற்கும் நான் பொறுப்பு.

விதை வாங்க வருவோர் வரிசையில் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.